பள்ளிச் சீண்டல் தடுப்பு: திருவனந்தபுரமும் கேரளமும்

பலம் கூடிய ஒரு மாணவரோ குழுவோ பலம் குறைந்த ஒருவரை அடி, பட்டப்பெயர், ஒதுக்கிவைத்தல், கைப்பேசிச் செய்தி எனப் பல வழிகளில் மீண்டும் மீண்டும் நோகடிப்பது பள்ளிச் சீண்டல் எனப்படும். சம பலமுள்ள இருவர் ஒருநாள் கட்டிப்புரண்டு சண்டையிடுவது இதில் சேராது. 1970களில் இதை முறையாக ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் வகுத்த வரையறை இது. வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், 1983இல், அந்நாட்டில் தேசிய அளவில் தடுப்பு இயக்கம் தொடங்கியது.

கேரளத் தலைநகரைப் பொறுத்தவரை இந்த வரலாற்றை ஊரூட்டம்பலத்தில் தொடங்குவதே பொருத்தம். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் திருவிதாங்கூர் அரசு அனுமதித்திருந்தும் நடைமுறையில் கதவு மூடியே கிடந்தது. 1910களில் தலித் தலைவர் அய்யங்காளி, பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளியின் கதவைத் தட்டினார். அவள் பெஞ்சில் அமர்ந்ததும் கலவரம் வெடித்தது. பள்ளிக்கே தீ வைத்தார்கள். தீயில் மிஞ்சிய ஒரு பெஞ்சை அப்பள்ளி இன்றும் பாதுகாத்து வருகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. பஞ்சமியை விரட்டியவர்கள் சக மாணவர்கள் அல்லர், ஊர்ப் பெரியவர்கள். வகுப்பறையில் யாரை இழிவாக நடத்தலாம் என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும்தான் கற்று வருகிறார்கள். தடுப்புத் திட்டங்கள் பலவும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. கேரள ராகிங் தடைச் சட்டம் 1998இல் வந்தது. உடலுக்கோ மனத்துக்கோ கேடு, அச்சம், வெட்கம், அவமானம் ஆகியவற்றை ஒரு மாணவருக்கு உண்டாக்கும் செயல் அதில் குற்றமாகிறது. தண்டனை இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எழுத்து மூலம் புகார் வந்தால் தலைமையாசிரியரோ முதல்வரோ ஏழு நாளுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரை இடைநீக்கம் செய்து, புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தட்டிக்கழித்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தையே. ஓராண்டு முன்னர், 1997இல், தமிழகம் இதேபோன்ற சட்டத்தை இயற்றியது. சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் 1996இல் கொல்லப்பட்டதே அதற்குக் காரணம். இத்தனைக்குப் பிறகும் 2024 பிப்ரவரியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வயநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் உயிரிழந்தார். அவர் தாக்கப்பட்டதை விடுதியில் பலர் அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை என்ற செய்திதான் மாநிலத்தை அதிகம் உலுக்கியது.

பார்த்துக்கொண்டிருப்பவரைப் பேசவைப்பதே பின்லாந்தின் 'கிவா' திட்டத்தின் மையம். துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி குழுவினர் உருவாக்கிய அது 2009 முதல் நாடெங்கும் பரவியது. சீண்டுபவருக்குத் துணைபோகிறவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர் என வகுப்பே பாத்திரம் ஏற்கிறது என்பது அவர்களது கண்டுபிடிப்பு. சிரிப்பு நின்றால் சீண்டுபவருக்கு மேடை இல்லை.

கேரளம் தேர்ந்த வழி வேறு. 2010 ஆகஸ்டில் மாநிலக் காவல்துறை கல்வித்துறையோடு சேர்ந்து மாணவர் காவல் படையைத் தொடங்கியது. எட்டு, ஒன்பதாம் வகுப்பினருக்கு அணிவகுப்பு, உடற்பயிற்சி, சட்ட அறிவு, சமூகப் பணி என இரண்டாண்டுப் பயிற்சி. 2018இல் நாடு தழுவிய திட்டமானது. ஒழுங்கு கற்பிப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் அதிகாரிக்குச் சல்யூட் அடிப்பதும் பக்கத்து இருக்கைக்காரனை மதிப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஆசிரியரின் நடத்தைதான் பாடம். உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே தடை செய்துவிட்டது. ஆசிரியர் ஒரு பையனை 'குண்டன்' என்று அழைத்தால், இடைவேளையில் நாற்பது வாய் அதையே சொல்லும். 2023 ஜனவரியில் கேரளக் குழந்தை உரிமைகள் ஆணையம் ஆண், பெண் பேதமின்றி எல்லா ஆசிரியரையும் 'டீச்சர்' என்றே அழைக்கப் பணித்தது. கேலிக்கும் ஆளான ஆணை அது; மரியாதை முறைகளைத் திரும்பிப் பார்க்கவைத்ததால் பயனற்றது எனத் தள்ள முடியாது. 2025 ஜூனில் புதிய கல்வியாண்டின் முதல் நாட்களில், போதைப்பொருள், பொதுச்சொத்து, ராகிங் முதலியவை பற்றிப் பேச மாநிலப் பள்ளிகளில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது.

எல்லைக்கு இப்பால், 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினர். பள்ளியில் தன்னைச் சீண்டுகிறார்கள் என்று அவர் ஏற்கெனவே முறையிட்டிருந்தார். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, மாணவரை அகரவரிசைப்படி உட்காரவைப்பது ஆகியன அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

உட்காரும் இடம் பற்றிய பேச்சை மலையாளத் திரைப்படமான 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' (2024) பரவலாக்கியது. அதைப் பார்த்துச் சில கேரளப் பள்ளிகள் கடைசி பெஞ்சை ஒழித்து, சுவரோரமாக அரைவட்டத்தில் இருக்கைகளைப் போட்டன. 2025 ஜூலையில் தமிழகமும் 'ப' வடிவ இருக்கையைப் பரிந்துரைத்தபோது, கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது என்று எதிர்ப்பு எழுந்தது. இருபது பேர் உள்ள வகுப்பில் இது எளிது. ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் அறையில் இரண்டாம் வரிசை தானாகவே முளைத்துவிடுகிறது.