கொம்போசர் (வலைப்பக்கத் தொகுப்பி)

கொம்போசர் என்பது வலைப்பக்கங்களைக் கட்புல முறையில் உருவாக்கவும் தொகுக்கவும் பயன்படும் ஒரு திறமூல மென்பொருள் ஆகும். இவ்வகை மென்பொருள்களில், ஒரு பக்கம் உலாவியில் எவ்வாறு தோன்றுமோ ஏறத்தாழ அவ்வாறே தொகுக்கும் திரையிலும் தோன்றும். பயனர் சொற்செயலியில் எழுதுவது போல எழுதிச் செல்ல, அதற்குரிய எச்.டி.எம்.எல். குறிச்சொற்களை மென்பொருள் பின்னணியில் எழுதிக்கொள்ளும். "காண்பதே கிடைப்பது" என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இம்முறை விசிவிக் எனவும் அழைக்கப்படுகின்றது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களுக்கும் கிடைத்த கொம்போசர் 2007 இல் வெளிவந்தது. 2010 ஆம் ஆண்டுடன் இதன் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுபோனது.

இதன் முன்னோடியான நெட்ஸ்கேப் கம்போசரின் பெயரும் இதுவும் ஒலியில் ஒன்றே. ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே வேறு. குழப்பத்தைத் தவிர்க்க, முன்னோடி இக்கட்டுரையில் கம்போசர் எனக் குறிப்பிடப்படுகின்றது.

பின்னணி

வலையின் முதல் உலாவியே ஒரு தொகுப்பியாகவும் இருந்தது. சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1990 இல் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய அம்மென்பொருளில், பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அதே சாளரத்தில் அதைத் திருத்தவும் இணைப்புக்கள் இடவும் முடிந்தது. ஆனால், வலையை மக்களிடையே பரப்பிய மொசைக் (1993) உலாவியில் பக்கங்களைத் தொகுக்கும் வசதி இல்லை. படிப்பவர் ஒரு புறமும், குறிச்சொற்களைக் கற்று எழுதுபவர் மறுபுறமும் எனப் பிரிவு ஏற்பட்டது இங்கிருந்துதான் எனலாம்.

இப்பிரிவை நிரப்பப் பல மென்பொருள்கள் வந்தன. வெர்மீர் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஃபிரண்ட்பேஜ், அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டின் கைக்குச் சென்றது. மக்ரோமீடியா 1997 இன் இறுதியில் டிரீம்வீவரை வெளியிட்டது. நெட்ஸ்கேப் நிறுவனமோ தொகுப்பியைத் தன் உலாவியுடனேயே சேர்த்து வழங்கியது. 1997 இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் தொகுதியில் அது கம்போசர் என்னும் பெயரைப் பெற்றது. 1998 இல் நெட்ஸ்கேப் தன் மூலநிரலைத் திறந்துவிட்டபோது, கம்போசரும் மொசில்லா திட்டத்தின் பகுதியாயிற்று.

2004 இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 1.0 உலாவி மட்டுமே. தொகுப்பி அதில் இல்லை. ஏறத்தாழ இதே காலத்தில், லினக்ஸ் மேசைக்கணினிகளை விற்பனைப் பொருளாக்க முயன்ற லின்ஸ்பயர் நிறுவனம், ஃபிரண்ட்பேஜுக்கும் டிரீம்வீவருக்கும் ஈடான ஒரு தொகுப்பி வேண்டுமெனக் கருதியது. அதன் பொருளுதவியுடன், முன்னர் நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய டானியல் கிளாஸ்மன் கம்போசரின் நிரலை விரித்து என்வியூ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதன் 1.0 பதிப்பு 2005 சூனில் வந்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டபோது, எஞ்சியிருந்த வழுக்களைக் களைந்து பயனர் குழுவினர் வெளியிட்டதே கொம்போசர். இதனை முன்னின்று நடத்தியவர் ஃபாபியன் கசநாவ். ஒரு நிறுவனம் கைவிட்ட மென்பொருளைப் பயனர்கள் எடுத்து வளர்க்க முடிந்தமைக்கு, அதன் மூலநிரல் திறந்திருந்ததே காரணம்.

பயன்படுத்தும் முறை

மென்பொருளைத் திறந்ததும் ஒரு வெற்றுப் பக்கம் தோன்றும். எழுத்தைத் தடிப்பாக்கல், பட்டியலிடல், படம், அட்டவணை, இணைப்பு ஆகியவற்றுக்கான பொத்தான்கள் மேற்பட்டையில் உள்ளன. சாளரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள நிலைப்பட்டையில், நிலைகாட்டி நிற்கும் இடம் எந்தெந்தக் குறிச்சொற்களுக்குள் அமைந்துள்ளது என்பது வரிசையாகக் காட்டப்படும். கற்போருக்கு இப்பட்டை மிகவும் பயனுள்ளது. ஆயினும் பலர் இதனைக் கவனிப்பதே இல்லை. பக்கத்தை வடிவமைப்புத் தோற்றத்திலிருந்து மூலநிரல் தோற்றத்திற்கு ஒரு சொடுக்கில் மாற்றலாம். பாணித்தாள்களை எழுதத் தனிக் கருவி உண்டு. இடப்பக்கத்திலுள்ள தள மேலாளர், எஃப்.டி.பி. வழியாகக் கோப்புக்களை வழங்கிக்கு அனுப்ப உதவுகின்றது.

காண்பதும் சேமிக்கப்படுவதும்

கட்புலத் தொகுப்பிகளின் அடிப்படைச் சிக்கல், திரையில் ஒன்றாகவே தோன்றும் இரண்டு, கோப்பில் வெவ்வேறாக இருக்கலாம் என்பதாகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வரியைப் பெரிய, தடித்த எழுத்தாக மாற்றினால் அது தலைப்புப் போலவே தோன்றும். ஆனால் கோப்பில் அது வெறும் தடித்த எழுத்தே. பட்டியலிலிருந்து "தலைப்பு 1" அல்லது "தலைப்பு 2" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே தலைப்புக்குரிய குறிச்சொல் எழுதப்படும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்கள் தலைப்புக் குறிச்சொற்களைப் பற்றியே பக்கத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் பக்கம், அவர்களுக்குத் தொடக்கமும் முடிவும் அறிய இயலாத ஒரே நீண்ட உரையாகிவிடும். பத்திகளுக்கும் இது பொருந்தும். "உடல் உரை" நிலையில் எழுதிக்கொண்டே உள்ளிடு விசையை அழுத்தினால் வரிமுறிவு மட்டுமே இடப்படும். இருமுறை அழுத்தினால் பத்தி போன்ற இடைவெளி தோன்றுமேயன்றிப் பத்தி உருவாகாது. பின்னர் பாணித்தாள் வழியாகப் பத்திகளின் இடைவெளியை மாற்ற முனைபவர், பக்கத்தில் பத்தியே இல்லை என்பதை அப்போதுதான் அறிவார்.

புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது படங்களே. பக்கத்தைச் சேமிக்கும் முன்பே படத்தைச் சேர்த்தால், அப்படம் பயனரின் கணினியில் எந்த அடைவில் உள்ளதோ அம்முழு முகவரியே கோப்பில் பதிவாகும். பக்கத்தை வழங்கியில் ஏற்றிய பின் அதன் நகலைத் தன் கணினியில் திறந்து பார்ப்பவருக்குப் படம் தெரியும். உலகில் வேறெவருக்கும் தெரியாது. முதலில் பக்கத்தைச் சேமித்து, படங்களை அதே அடைவிலோ அதன் உள்ளடைவிலோ வைத்து, முகவரி பக்கத்தின் இடத்தைச் சார்ந்தது என்னும் தெரிவைக் குறித்த பின்னரே படத்தைச் சேர்த்தல் நன்று.

இக்காரணங்களால் கட்புலத் தொகுப்பிகளை அறவே தவிர்க்க வேண்டும் என்போர் உளர். எனினும் மேற்கூறியவற்றுள் பல, மூலநிரல் தோற்றத்தை அவ்வப்போது பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு நேர்வதில்லை. எழுதியது ஒவ்வொன்றும் எக்குறிச்சொல்லாக மாறுகின்றது என்பதை உடனுக்குடன் காட்டுவதால், எச்.டி.எம்.எல். கற்க இதனையே ஒரு கருவியாகவும் கொள்ளலாம்.

தமிழ்ப் பக்கங்கள்

தோற்றத்திற்கும் சேமிப்பிற்கும் உள்ள இடைவெளியைத் தமிழ் வலைப்பக்கங்கள் வேறொரு வகையில் பட்டறிந்தன. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர், பல தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருக்களைப் பயன்படுத்தின. தொகுப்பியில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பில் இருந்தவை அவ்வெழுத்துருவின் ஒழுங்கில் அமைந்த வெறும் எட்டு-பிட்டுக் குறியீடுகள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துக்களாகத் தோன்றின. தேடுபொறிகளுக்கும் அவை தமிழாகத் தெரியவில்லை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டும், டிஸ்கி தனியே வழங்கியும், இச்சிக்கல் ஒருங்குறி வரும்வரை முற்றாகத் தீரவில்லை.

கொம்போசரில் ஒருங்குறித் தமிழை நேரடியாகத் தட்டெழுதலாம். ஆனால் புதிய பக்கத்தின் குறியேற்றம் ஐ.எஸ்.ஓ. 8859-1 என இருப்பின், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் எண்ணாக மாற்றிச் சேமிக்கப்படும். "அ" என்னும் எழுத்து 2949 என்னும் எண்ணாகப் பதிவாகும். உலாவி அதனைச் சரியாகவே காட்டும். ஆனால் மூலநிரல் தோற்றத்தில் எண்களின் அணிவகுப்பையே காண நேரும், கையால் ஒரு சொல்லைத் திருத்துவதும் இயலாததாகிவிடும். தொடங்கும்போதே பக்கத்தின் பண்புகளில் குறியேற்றத்தை யூ.டி.எஃப்-8 என மாற்றிக்கொண்டால் தமிழ் தமிழாகவே சேமிக்கப்படும்.

பின்னைய நிலை

டானியல் கிளாஸ்மன் 2011 இல் புளூகிரிஃபன் என்னும் புதிய தொகுப்பியின் முதற் பதிப்பை வெளியிட்டார். பழைய கம்போசர், சீமங்கி தொகுதியில் தொடர்ந்து இடம்பெற்றது. மற்றபடி, தொகுக்கும் பணி மேசைக்கணினி மென்பொருளிலிருந்து உலாவிக்குள்ளேயே இடம்பெயர்ந்தது. விக்கிப்பீடியாவில் 2013 இல் பரவலாக அறிமுகமான கட்புலத் தொகுப்பியும், 2018 திசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 உடன் வந்த கட்டத் தொகுப்பியும் இவ்வகையின.

எச்.டி.எம்.எல். 4.01, எக்ஸ்.எச்.டி.எம்.எல். 1.0 ஆகிய தரங்களுக்காக எழுதப்பட்ட கொம்போசர், 2014 இல் பரிந்துரையாக வெளிவந்த எச்.டி.எம்.எல். 5 இன் புதிய குறிச்சொற்களுக்கு ஆதரவு தருவதில்லை. இதன் எஃப்.டி.பி. பதிவேற்றத்தில் கடவுச்சொல் மறைக்குறியாக்கம் இன்றிச் செல்வதால், கோப்புக்களைப் பாதுகாப்பான வேறொரு மென்பொருள் மூலம் ஏற்றுவதே தகும். இதில் உருவாக்கிய பக்கங்கள் எளிய உரைக்கோப்புக்களே ஆகையால், அவற்றை இன்றைய உலாவிகளிலும், எந்த உரைத் தொகுப்பியிலும் மாற்றமின்றித் திறக்கலாம்.