நான்காம் உலக இயக்கம்

தலைமுறை தலைமுறையாகத் தரித்திரத்தில் உழலும் குடும்பங்களின் அருகிலேயே தொண்டர்கள் குடியிருந்து, அவர்களுடைய கல்விக்கும் கௌரவத்துக்கும் உரிமைக்கும் அவர்களோடு சேர்ந்து உழைப்பதை நோக்கமாகக் கொண்டு, 1957ஆம் ஆண்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள நுவாசி-லெ-கிரான் என்னும் ஊரில் தோன்றிய இயக்கம் இது. இதன் ஸ்தாபகர் கத்தோலிக்கப் பாதிரியாரான ஜோசப் வ்ரெசின்ஸ்கி (1917-1988).

வறுமையை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். ஆன்ஜே நகரில், சந்தேகத்துக்குரிய அந்நியரை அடைத்து வைத்த முகாமொன்றில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டு நீங்கியபின் நான்கு குழந்தைகளையும் தாய் ஒருத்தியே வளர்த்தாள். பாலகனாக இருந்தபோதே அதிகாலையில் கன்னிமடத்துப் பூசையில் பணிவிடை செய்து, அதற்குக் கிடைத்த சில்லறையைத் தாயின் கையில் கொடுத்தவர் அவர். பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்த அத்தாய் பட்ட அவமானங்களே பிற்காலத்தில் அவருடைய கொள்கைக்கு வித்தாயின என்று கொள்ளுதல் தவறாகாது.

1954ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலத்தில் வீடற்றோர் பலர் துன்புற்றதைக் கண்டு, அபே பியேர் என்னும் பாதிரியார் முன்னின்று நுவாசி-லெ-கிரானில் அமைத்த முகாமுக்கு, 1956 ஜூலையில் வ்ரெசின்ஸ்கி அனுப்பப்பட்டார். பீப்பாயை இரண்டாகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கல்நார்க் குடில்களில், சேற்றின் நடுவே, சுமார் 250 குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. பட்டணத்துத் தரும சீலர்கள் கொணர்ந்த சூப்பும் பழந்துணியும் குறைவின்றி வந்துகொண்டிருந்தன. அவரோ அவ்விலவச விநியோகத்தை நிறுத்திவிட்டு, நூல்நிலையமும், பாலர் பள்ளியும், சலவைக்கூடமும், பெண்கள் தம்மை அலங்கரித்துக்கொள்ள ஓர் ஒப்பனைக்கூடமும் ஏற்படுத்தினார். பசித்த வாய்க்குக் கஞ்சி ஊற்றுவதை நிறுத்திப் புத்தகம் கொடுப்பது நியாயமா என்று வாசகர் கேட்கலாம், கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும், பிள்ளைக்கு முன்னால் வரிசையில் நின்று உணவு வாங்கும் தாய், அந்தப் பிள்ளையின் கண்ணில் நாளடைவில் எதை இழக்கிறாள் என்பதை, அவ்வாறு நின்ற ஒருத்தியின் மகனைவிட வேறு யார் அறிவார்?

தொண்டர்கள் ஒருவர் இருவராக வந்து சேர்ந்தனர். நெதர்லாந்தின் ராஜீய சேவையிலிருந்த அல்வின் த வோஸ் அம்மையார் உத்தியோகத்தைத் துறந்து வந்தார். ஜெர்மானியரின் ராவன்ஸ்புரூக் சிறைமுகாமில் அடைபட்டு மீண்ட ஜெனவியேவ் த கோல் அம்மையார், தம்முடன் சிறைப்பட்டிருந்தோரின் முகங்களிற் கண்ட அதே சாயலை இந்த முகாமின் முகங்களிலும் கண்டு, 1964 முதல் 1998 வரை பிரெஞ்சுக் கிளையின் தலைமையை ஏற்று நடத்தினார். முழுநேரத் தொண்டர் எவரும், படிப்பும் அநுபவமும் எவ்வளவாயினும், எளிய ஜீவனத்துக்கான தொகையையே பெற்றுவந்தனர். அன்றாடம் அக்குடும்பங்களிடமிருந்து தாம் கற்றதை எழுதிவைப்பதும் அவர்கள் கடமையாயிற்று. அதிகாரிகள் வாசலுக்கு வந்தால் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அஞ்சிய தாய்மாரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு, உபதேசத்தைக் காட்டிலும் நெடுங்காலம் அண்டைவீட்டாராய் வாழ்வதே உதவிற்று.

1968ஆம் ஆண்டையொட்டித் தெருவோர நூல்நிலையங்கள் தோன்றின. ஏழைச் சிறுவர்கள் வாழும் சந்துகளில் தரையில் விரிப்பை விரித்துப் புத்தகம் படித்துக் காட்டுவதே இவற்றின் முறை. 1972இல் தொடங்கிய மக்கள் பல்கலைக்கழகத்திலோ பெற்றோர்களே பேசினர், கற்றறிந்தோர் கேட்டனர். இயக்கத்தின் பணிகளுள் தலையாயது இதுவே என்பது எம் அபிப்பிராயம்.

பிரெஞ்சுப் பொருளாதார சமூக மன்றத்தின் அங்கத்தினராக வ்ரெசின்ஸ்கி வறுமையைப் பற்றித் தயாரித்த அறிக்கையை அம்மன்றம் 1987 பிப்ரவரியில் ஏற்றது. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் பாரிஸின் திரொக்கதேரோ சதுக்கத்தில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் வறுமைக்கு இரையானோரின் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. அந்நாளையே ஐக்கிய நாடுகள் சபை 1992இல் வறுமை ஒழிப்புத் தினமாக அறிவித்தது. ஜெனவியேவ் அம்மையார் நெடுநாள் வாதாடிய சமூகப் புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டம், வ்ரெசின்ஸ்கி மறைந்து பத்தாண்டுகளுக்குப்பின், 1998 ஜூலையில் பிரான்சில் நிறைவேறியது.