இலவசக் குடை

இந்த ஜூன் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம் போவது என்று முடிவானதும், மலிவான டிக்கெட் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் நான்தான் இன்ஜினியர், எக்செல் தெரிந்தவன். அப்பா, அம்மா, அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், 88 வயது அப்பாயி, நான் என்று மொத்தம் எட்டுப் பேர்.

மூன்று வாரம் தேடினேன். "ஒரு கேபினில் இருவர் கட்டணம் கட்டினால் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இலவசம்" என்பதுதான் எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான சேவைத் தொகை, விடுமுறைக்காலக் கூடுதல் என்று வரிசையாக ஏறி, கடைசியில் இலவச ஆளுக்கும் ஒரு தொகை வந்து நிற்கும். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு டிராவல் ஏஜெண்டிடம் கேட்டேன். "கடைசி நேரத்துல இன்னும் இறங்கும் தம்பி. ஆனா எட்டுப் பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல கேபின் கிடைக்காது. வயசானவங்க வேற இருக்காங்க, யோசிச்சுக்கங்க" என்றார்.

அன்று இரவு அப்பாவிடம் என் அட்டவணையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, சோபாவில் படுத்திருந்த அப்பாயி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சும்மா கூட்டிட்டுப் போறேன்னா நம்பாத தம்பி. கப்பல்ல சும்மா யாரும் யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல."

என் படிப்புப்படி இதற்குப் பதில் எளிது. கப்பல் கிளம்பியபின் காலிக் கேபினுக்கு மதிப்பு கிடையாது, நேற்று மிஞ்சிய இட்லி மாதிரி. எரிபொருள், மாலுமிகள், துறைமுகச் செலவு எல்லாம் கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வந்த விலைக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, ஏறியவர்களிடம் கப்பலுக்குள் இருக்கும் பார், சூதாட்டக்கூடம், கடைகள், இணையம் வழியாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அப்பாயி கேட்டது கணக்கு அல்ல. சும்மா கூட்டிப்போகிறவனுக்கு நம்மால் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகத்தான் அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்தேன்.

சும்மா கூட்டிப்போன கப்பல் ஒன்று நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 'கப்பலோட்டிய தமிழன்' படம் பார்த்த எல்லோருக்கும் வ.உ.சி.யைத் தெரியும். 1906 அக்டோபரில் அவர் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. சுதேசிக் கம்பெனி முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. வாடகைக்குக் கொடுத்தவரை நெருக்கிப் பின்வாங்க வைத்தார்கள். பிறகு எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று சொந்தக் கப்பல்களே வந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். இந்த எண்களைப் பார்த்தாலே அது யாரை நம்பி ஓடிய கப்பல் என்று தெரியும்.

பிறகு விலைப்போர். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. அதற்குமேல் பி.ஐ., பயணமே இலவசம் என்றது. கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது வ.உ.சி. கதையில் எல்லோரும் சொல்லும் இடம். பெரிய கம்பெனியால் ஒரு தடத்தில் நஷ்டப்பட்டு இன்னொரு தடத்தில் ஈடுகட்ட முடியும். 25 ரூபாய்ப் பங்குகளில் நின்ற கம்பெனிக்கு ஈடுகட்ட வேறு தடமே இல்லை. கட்டணத்தோடு அது நிற்கவும் இல்லை, அதிகாரிகளும் பி.ஐ. பக்கமே நின்றார்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதை முன்பெல்லாம் வெள்ளைக்காரன் செய்த அநியாயம் என்ற அளவில்தான் படித்திருக்கிறேன். இந்தத் தடவை, மூன்று வாரம் தள்ளுபடி தேடிய கையோடு படித்ததால், குடையை வாங்கிக்கொண்டு ஏறியவர்களைப் பற்றித்தான் யோசனை வந்தது. இலங்கைக்கு வேலை தேடிப் போகிற ஒருவனுக்கு எட்டணா பெரிய காசு. எதிரே இலவசக் கப்பல், கையில் புதுக் குடை. நான் அந்தத் துறைமுகத்தில் நின்றிருந்தால் எதில் ஏறியிருப்பேன்? என் எக்செல் அட்டவணையே பதில் சொல்லிவிடும். குடையோடுதான் போயிருப்பேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அதே பி.ஐ. கம்பெனியின் கப்பல்கள்தான் மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடின. அந்தப் பக்கம் போட்டிக்கு ஒரு வ.உ.சி. இல்லை. ஆனாலும் அங்கேயும் 'இலவசப் பயணம்' இருந்தது, வேறு மாதிரி.

ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவனுக்குக் கப்பல் செலவு கடன். வந்திறங்கிய பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடலைத் தாண்டும்போதே கடனாளி. 1907இல் ஜலசந்திக் குடியேற்றங்களிலும் மலாய் மாநிலங்களிலும் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கங்காணி திரட்டி வருகிற ஆட்களுக்கு அந்த நிதியிலிருந்து டிக்கெட். ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. இனி ஆள் கடனில்லாமல் வந்து இறங்கலாம். முன்னேற்றம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் முதலாளிகள் ஏன் ஒத்துக்கொண்டார்கள்? டிக்கெட் இலவசமானால் ஆட்கள் நிறைய வருவார்கள். நிறைய வந்தால் கூலியை ஏற்ற வேண்டியதில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்ததைக் கூலியில் மிச்சம் பிடித்துவிடலாம். 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள். அதே நிதியின் செலவில் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பினார்கள். வருவதற்கும் இலவசம், போவதற்கும் இலவசம். எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்பது மட்டும் அவர்கள் கையில் இல்லை. கடைசியில் 1938 ஜூன் 15 அன்று, உதவிப் பயணத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர்கள் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

காசு கட்டி வந்தவர்களும் உண்டு. அப்பாயி அந்த வகை. தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் வந்தபின் நினைத்தவர் நினைத்தபடி சிங்கப்பூருக்குள் வர முடியாது. இங்கே இருப்பவரின் மனைவி என்பதால் அப்பாயிக்கு வழி இருந்தது. 1956இல், 19 வயதில், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். டிக்கெட்டுக்குத் தாத்தா நாலு மாசம் காசு சேர்த்தார் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் பி.ஐ.க்காகக் கட்டிய கப்பல், 8,478 டன். இங்கே டன் என்பது எடை அல்ல, கப்பலின் உள்ளளவு. கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. இன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டும், பயணிகளோ நாலாயிரம் சொச்சம். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். ரஜூலாவில் ஓர் ஆளுக்குக் கிடைத்த இடத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் இன்றைக்கு ஓர் ஆளுக்குக் கிடைக்கிறது.

டெக் டிக்கெட் என்றால் கேபின் கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. "நாகப்பட்டணத்துல கப்பல் கரைக்கு வராது. படகுல போயி ஏறணும். ஏறினதும் ஓடிப்போயி எடம் புடிக்கணும். எனக்கு என்ன தெரியும்? ஊர்க்காரங்க ஒரு மூலையில உக்கார வச்சாங்க. ஒரு சேலையக் கட்டித் தொங்கவிட்டேன். காத்துல அது பறந்துக்கிட்டே கெடந்துச்சு. ஏழு நாளும் நான் சரியாத் தூங்கல" என்றார் அப்பாயி. சிங்கப்பூர் வந்ததும் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். தாத்தாவைப் பார்க்க அதற்கப்புறமும் சில நாள் ஆனது.

ரஜூலா 1973இல் விற்கப்பட்டு அடுத்த ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது. பிறகு இந்தத் தடத்தில் ஓடியது, பிரான்சில் கட்டிய 'பாஸ்டர்' கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றிய எம்.வி. சிதம்பரம். பெயரைப் படித்ததும் எனக்குத் தூத்துக்குடிச் சிதம்பரம்தான் நினைவுக்கு வந்தார். பி.ஐ. ஓட்டிய தடத்தில் அந்தப் பெயரோடு ஓர் இந்தியக் கப்பல்! அப்பா 1981இல் தாத்தாவோடு அதில் மெட்ராஸ் போயிருக்கிறார். "விமானத்துல இவ்வளவு சாமான் விடமாட்டாங்கடா. டேப் ரெக்கார்டர், மைலோ டின், போர்வை, சைக்கிள்கூட ஏத்தினாங்க" என்றார். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள். சிங்கப்பூர்–மெட்ராஸ் பயணிகள் கப்பல் அத்தோடு நின்றது.

இவ்வளவையும் படித்துவிட்டு மறுபடி என் அட்டவணைக்கு வந்தேன். இன்றைய மலிவு விலைக்கும் யாரோ காசு கட்டத்தான் செய்கிறார்கள். உல்லாசக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் பதிவாகின்றன. அதில் வேலை செய்பவர்களோ பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று எங்கிருந்தோ வந்து, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். விலைப்பட்டியலில் எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தச் சேவைத் தொகையை இப்போது கொஞ்சம் வேறு கண்ணோடு பார்க்கிறேன். அதை எப்படித் தவிர்ப்பது என்று என் அட்டவணையில் ஒரு பத்தி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. அப்படியும் தள்ளுபடியை நான் விடவில்லை. மூன்றாவது, நான்காவது ஆள் இலவசத்தையும் எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது அப்பாயியின் கேபின். ஏழு நாள் டெக்கில் வந்தவருக்கு இந்த வயதிலாவது பால்கனி வைத்த அறை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கப்பல் எங்க போகுது?"

"பினாங்கு போயிட்டு இங்கேயே திரும்பி வந்துடும் அப்பாயி."

"திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தான் டிக்கெட்டா?"

"ஆமா."

மலிவான உள்கேபின் படத்தையும் காட்டச் சொன்னார். சன்னலே இல்லாத சின்ன அறை, இரண்டு கட்டில்.

"இதுக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு."

"உள்ள தாப்பா போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்."

"அப்ப இதே போதும். கடல நான் பாத்துட்டேன்."

என் பட்டியலிலேயே மலிவான அறை அது. அதைத்தான் போட்டிருக்கிறேன்.