மல்லையில் பாதியில் நின்ற கல்

மகாபலிபுரம் போறவங்க பெரும்பாலும் மூணு இடம் பார்ப்பாங்க. கடற்கரைக் கோயில், அர்ஜுனன் தபசு, ஐந்து ரதம். நடுவுல வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால தாங்குற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் வறுத்த மீன், அப்புறம் வீடு. நானும் பல வருஷம் அப்படித்தான் போயிட்டு வந்தேன். போன மாசம்தான் ஊருக்கு மேற்குப் பக்கம் இருக்குற ரெண்டு பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் நிதானமா நின்னு பார்த்தேன்.

மூணுமே பாதியில விட்ட வேலை. மேல்பகுதியில கோயில் வடிவம் தெளிவா இருக்கு. கண்ணைக் கீழே இறக்கினா வெறும் பாறை. மேலேயிருந்து செதுக்கிக்கிட்டே இறங்கியிருக்காங்க, ஒரு நாள் உளியைக் கீழே வெச்சுட்டுப் போயிட்டாங்க. ஏன் போனாங்கங்கிறது தனிக்கதை. எனக்கு வேற ஒரு கேள்வி வந்துச்சு.

புதுசா ஒரு வேலை தொடங்கும்போது எல்லாத்தையும் கத்துக்கிட்டு இறங்கணுமா, இறங்கிட்டுக் கத்துக்கணுமா? நம்ம வேலையில தப்பு பண்ணினா அழிச்சுட்டுத் திரும்ப எழுதலாம். கருங்கல்லுல மூக்கு உடைஞ்சா உடைஞ்சதுதான். அப்படிப்பட்ட கல்லுல முதல் முதலா கை வெச்சவங்க எப்படித் துணிஞ்சாங்க?

கதை மகேந்திரவர்மன் காலத்துல ஆரம்பிக்குது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டுல ஒரு குடைவரை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்தேன்னு அங்கே கல்வெட்டு வெச்சிருக்கான். பெருமை நியாயமானதுதான். அஜந்தாவும் பாதாமியும் அதுக்கு முன்னாடியே இருந்தது உண்மை. ஆனா பாதாமி மணற்கல். நம்ம ஊர்ப் பாறை கொடுக்குற தொல்லை வேற.

அந்தக் காலத்துக் குடைவரை ஒண்ணு செங்கல்பட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, வல்லம். மகேந்திரனுக்கு அடங்கிய வசந்தப்பிரியரசரோட மகன் கந்தசேனன் செய்வித்ததுன்னு தமிழ்லயே கல்வெட்டு இருக்கு. போய்ப் பார்த்தா கொஞ்சம் ஏமாற்றமா இருக்கும் :-) ஒரு சின்ன மண்டபம், உள்ளே ஒரு கருவறை, வாசல்ல காவலர்கள். தூண்கள் குண்டு குண்டா இருக்கும். மேலேயும் கீழேயும் சதுரம், நடுவுல எட்டுப் பட்டை, அவ்வளவுதான். எவ்வளவு கல்லை விட்டு வெச்சா மேலே இருக்குற பாறை நிக்கும்னு தெரியாததால கூடவே விட்டு வெச்சாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இது என் ஊகம் மட்டுமே. ஆனா ஒண்ணு நிச்சயம். கல் புதுசா இருந்தப்போ வடிவத்தை முடிஞ்ச வரைக்கும் எளிமையா வெச்சுக்கிட்டாங்க.

அடுத்த படி ஐந்து ரதம். (பாண்டவர்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.) இங்கே மலையைக் குடையலை, பாறையையே வெளியிலிருந்து கோயிலா மாத்தினாங்க. பெரிய பாய்ச்சல். ஆனா வடிவங்களைப் பாருங்க. திரௌபதி ரதம் ஒரு கூரைக் குடிசை. பீம ரதத்துக்கு மேல கூண்டு வண்டியோட கூண்டு. நகுல சகாதேவ ரதம் பின்பக்கம் வளைஞ்ச தூங்கானை மாடம், பக்கத்துலயே ஒரு யானை. மரத்துலயும் செங்கல்லுலயும் ஏற்கெனவே கட்டிப் பழகின வடிவங்களோட கல் நகல்கள்தான் எல்லாம். வேலைமுறை புதுசு, வடிவம் பழசு.

திட்டம் போடாம செய்யலைங்கிறதுக்கும் அந்த யானையே சாட்சி. தரையைத் தொட்டப்புறம் "இங்கே ஒரு யானை இருந்தா நல்லா இருக்குமே"ன்னு நினைச்சா கல்லுக்கு எங்கே போறது? முதல் நாளே அந்தப் பாறையைத் தொடாம விட்டிருக்கணும். முடியாத குடைவரைகள்லயும் இதைப் பார்க்கலாம். பாறை முகத்துல சாக்லேட் பார் மாதிரி கட்டம் கட்டமா ஆழமாக் கோடு வெட்டி, நடுவுல நிக்கிற கட்டிகளை உடைச்சு எடுத்திருக்காங்க. இன்னைக்கும் மல்லைப் பட்டறைகள்ல கல்லு மேல காவிக் கோடு விழுந்த பிறகுதான் உளி. கையில அறுக்குற மெஷின் வந்துடுச்சு, கோடு மட்டும் மாறலை.

மூணாவது படி கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் காலம், சுமார் கி.பி. 700-728. இப்ப வடிவமும் கைவசம், கல்லும் கைவசம். புதுசு ஒண்ணே ஒண்ணுதான், தனித்தனிக் கல்லா வெட்டி அடுக்குறது. இதுல ஒரு வசதியும் உண்டு. ஒரு கல் கெட்டா அந்தக் கல்லோட போச்சு, கோயில் போகாது. அதே ராஜசிம்மன் காஞ்சியில எடுத்த கைலாசநாதர் கோயிலை ராஜராஜன் காலக் கல்வெட்டு "கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி"ன்னு சொல்லுது. அந்த ராஜராஜன்தான் 1010-ல் தஞ்சாவூர்ல 216 அடிக்கு விமானம் எழுப்பினான். வல்லத்துக் குண்டுத் தூணிலிருந்து அங்கே போய்ச் சேர சுமார் 400 வருஷம்.

ஒரு எச்சரிக்கை. மல்லையில இருக்குற எல்லாமே ராஜசிம்மன் செஞ்சதுதான்னு நாகசாமி 1962-ல் எழுதினார். அவர் பக்கம் நிக்கிறவங்களுக்கு என்னோட ரெண்டாவது படியும் மூணாவது படியும் ஒரே ராஜா காலத்துல வந்துடும். அப்படியே வெச்சுக்கிட்டாலும் வல்லமும் மண்டகப்பட்டும் முன்னாடிதான்.

ஆக, படிச்சுட்டு இறங்கினாங்களா, இறங்கிட்டுப் படிச்சாங்களா? எனக்குத் தோணுறது இது. ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் புதுசா வெச்சுக்கிட்டாங்க. மத்ததெல்லாம் கைக்குப் பழகினது. திரும்ப ஒட்ட முடியாத இடத்துக்குக் கோடு போட்டு வெச்சாங்க, மிச்சத்தை உளி கத்துக்கொடுத்துச்சு. அதுக்கும் விலை உண்டு. தர்மராஜ ரதத்துலயே மேல் நிலைகள் முடிஞ்சிருக்கு, அடித்தளத்துக் கருவறை முடியலை. அர்ஜுனன் தபசு மாதிரியே இன்னொண்ணு, அதே மலையில, பாதியோட நிக்குது. வெட்கப்பட்டு யாரும் அதை உடைச்சுப் போடலை.

இதை எழுதக் காரணம் இருக்கு. நம்ம பக்கத்துக் குடைவரைகளைப் பத்தி ஒரு தொடர் எழுதணும்னு மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். முதல்ல கிரந்தம் படிக்கக் கத்துக்கணும், அப்புறம் நல்ல கேமரா வாங்கணும், அப்புறம் கட்டடக்கலைச் சொல்லெல்லாம் தெரிஞ்சுக்கணும்... இப்படியே போச்சு. ஒரு வரி எழுதலை. மூணு புது விஷயத்தை ஒரே நேரத்துல தூக்கப் பார்த்தா யார்தான் எழுதுவாங்க? பிடாரி ரதம் முன்னாடி நின்னப்போ கொஞ்சம் பொறாமையாக்கூட இருந்துச்சு. அவங்களுக்குப் பாதியாவது நிக்குது.

கிரந்தம் இருக்கட்டும். போன்ல இருக்குற கேமராவே போதும். தமிழ்க் கல்வெட்டு இருக்குற வல்லத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அடுத்த ஞாயிறு. குண்டுத் தூண் மாதிரிதான் இருக்கும் முதல் பகுதி, பொறுத்துக்கோங்க. வல்லத்துக்கு ஏற்கெனவே போயிட்டு வந்தவங்க, எதைத் தவறவிடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க.