பெயர்ந்து வந்த பள்ளிகள்

பேராக் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைந்ததை மொழிப்பற்றின் குறைவெனக் கொள்வது பிழையாகும். பத்துப் பிள்ளைகள் இருப்பின் தோட்ட நிருவாகமே பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நன்றே! ஆயினும் பள்ளி பால்மரத்தோடு பிணைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட, இரப்பர் செம்பனைக்கு இடந்தர, மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகர்களை நாடினர். குடும்பம் பெயர்ந்தது, பள்ளியோ காட்டோரத்தில் நின்றது. புதிய குடியிருப்புகளில் தமிழ்ப்பள்ளி தொலைவிலிருந்தமையால் பெற்றோர் பலர் அண்மையிலிருந்த தேசியப் பள்ளியை நாடினர். நாட்டில் 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் பின்னர் ஐந்நூற்றுச் சொச்சமாயின.

மாணவர் மாறிச் செல்வது எளிது. பள்ளியே மாறிச் செல்வதற்கோ நிலமும் அரசின் இசைவும் வேண்டும். அவ்வாறு உரிமத்தோடு பெயர்ந்த பள்ளிகள் சில, நகர்க் குடியிருப்புகளின் நடுவே இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்குகின்றன. அத்தோட்டத்தைக் காணாத பிள்ளைகள் அங்குப் பயில்கின்றனர்.