பழைய புல்லட்டும் பல ஊர் மரைகளும்

சென்னைப் புதுப்பேட்டை, பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்பதில் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். எண்ணெய்க் கறை படிந்த பற்சக்கரங்களும், ஒளி மங்கிய முகப்பு விளக்குகளும், துருவேறிய சட்டங்களும் அங்கே குவிந்து கிடக்கக் கண்டிருப்பீர்கள். காயலான் கடைச் சரக்கு என்று நாம் அவற்றைக் கடந்து போகிறோம். ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடி ஓய்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை மறுபடியும் ஓட வைக்க விரும்புகிறவருக்கு அந்தக் குவியல்தான் கருவூலம். ஒரு கடையில் கார்புரேட்டர், மற்றொரு கடையில் பின்சக்கரம், வேறோர் ஊரிலிருந்து பெட்ரோல் தொட்டி என்று சேர்த்து அவர் ஒரு வண்டியை எழுப்புகிறார். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வண்டிகளுக்காகப் பிறந்த உறுப்புகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன? சில ஏன் பொருந்த மறுக்கின்றன? மாணவ நண்பர்களே, இவற்றுக்கு விடை பொறியியல் நூலில் பாதிதான் கிடைக்கும். மறுபாதி வரலாற்றில் இருக்கிறது.

ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை அப்படியே மாட்டலாம் என்ற எண்ணமே மனிதருக்கு வெகுகாலம் தோன்றவில்லை. நம் நாட்டுப்புறத் தச்சர் மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்யும்போது, அந்த வண்டியின் அச்சுக்கு ஏற்பவே குடத்தைக் கடைந்தார். அடுத்த வீட்டு வண்டியின் சக்கரம் இதற்குச் சேர வேண்டிய தேவை இல்லை. துப்பாக்கியும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொன்றின் விசையையும் கொல்லர் அரத்தால் ராவிப் பொருத்தினார். போர்க்களத்தில் ஒரு விசை முறிந்தால் அருகில் கிடக்கும் துப்பாக்கியின் விசை அதற்கு உதவாது. இந்த இடர்ப்பாட்டைப் போக்க வேண்டி, இலண்டன் நகரை அடுத்த என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை, 1850களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தது. அரம் படாமலே மாறிப் பொருந்தும் உறுப்புகளை அங்கே செய்யத் தலைப்பட்டனர். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியைப் படிக்கும்போது கொழுப்புத் தடவிய தோட்டாக்களோடு நீங்கள் கேள்விப்படும் என்ஃபீல்டு துப்பாக்கியின் பெயர் இந்த ஊர்ப் பெயரே.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று இன்னொரு சிற்றூர் உண்டு. தையல் ஊசி செய்வதில் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அங்கே சைக்கிள் செய்துவந்த ஒரு நிறுவனத்துக்கு, என்ஃபீல்டு தொழிற்சாலைக்குத் துப்பாக்கி உறுப்புகள் செய்து தரும் பணி கிடைத்தது. அந்தப் பெருமையை நினைவூட்ட, 1893-இல் தன் சைக்கிள்களுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயரிட்டது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அதன் விளம்பர வாசகம். வெறும் ஆரவாரம் என்று இதைத் தள்ள வேண்டியதில்லை. நுட்பமாக அளந்து செய்தோம் என்பதே அதன் கருத்து. 1901-இல் அந்நிறுவனம் மோட்டார் சைக்கிளும் செய்தது. 1932-இல் புல்லட் என்ற பெயர் தோன்றியது.

விடுதலைக்குப் பின் நம் படையினருக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டபோது, 350 சி.சி. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலை 1956-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே உருவான புல்லட்டுகள் 163. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. பிறகு உறுப்புகளையும் படிப்படியாக நாமே செய்யலானோம். 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்தில் அவ்வண்டி செய்வது அறவே நின்றது. சென்னையிலோ வேலை தொடர்ந்தது. 1977-இல் இங்கிருந்து புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதி ஆயின. 1950களில் ரெட்டிச்சில் பிறந்த புல்லட்டைச் செப்பனிடும் ஆங்கிலேயர், சென்னையில் செய்த உறுப்பை வாங்கிப் பூட்டும் நிலை வந்தது. தாய் வீட்டுச் சீர் மகள் வீட்டுக்கு வருவது வழக்கம். இங்கே மகள் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்குச் சீர் போயிற்று!

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் ‘அசல்’ என்ற சொல்லைப் பெரிதும் போற்றுவர். கலப்பு உறுப்புகளால் ஆன வண்டியைக் கண்டால் முகம் சுளிப்பாரும் உண்டு. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ரெட்டிச்சிலிருந்து புத்தம் புதிதாக வந்த புல்லட்டைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். அதன் கார்புரேட்டர் அமால் நிறுவனத்தார் செய்தது. கியர்ப் பெட்டி ஆல்பியன் நிறுவனத்தார் செய்தது. மின்கருவிகள் லூகாஸ் நிறுவனத்தார் தந்தவை. இதே நிறுவனங்கள் வேறு பல வண்டிகளுக்கும் உறுப்புகள் விற்றன. இன்ஜினைக்கூட ஜே.ஏ.பி., வில்லியர்ஸ் போன்ற நிறுவனங்களிடம் வாங்கிச் சட்டத்தில் பூட்டித் தம் பெயரை எழுதிக்கொண்ட உற்பத்தியாளர்கள் அந்நாட்டில் ஏராளம். பிறக்கும்போதே அவை கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் மரை குறுக்கே நிற்கிறது. ஆணியிலும் நட்டிலும் திருகு வடிவில் ஓடும் பள்ளத்தையே மரை என்கிறோம். புத்தி தடுமாறியவனை மரை கழன்றவன் என்கிறது நம் பேச்சு வழக்கு. மரை எத்துணை முதன்மையானது என்பதை மக்கள் அறிந்தே இருக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து ஆணிகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு, 1841-இல் ஒரு பொது முறையை முன்வைத்தார். பள்ளத்தின் கோணம் 55 பாகை. முகடும் அடியும் வளைந்திருக்கும். ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. கால் அங்குல ஆணிக்கு 20 சுற்று. இம்முறை பிரிட்டன் முழுதும் பரவியது. ஆனால் 1864-இல் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ் வேறொன்று சொன்னார். 55 பாகையைச் சாதாரணத் தொழிலாளி எப்படிச் சரிபார்ப்பான்? 60 பாகை என்றால் அது சமபக்க முக்கோணம்; வரைவதும் அளப்பதும் எளிது. முகட்டையும் வளைக்காமல் தட்டையாக வெட்டிவிடலாம். அமெரிக்கா அவர் வழியே சென்றது. ஐரோப்பாவில் மில்லிமீட்டர்க் கணக்கில் மெட்ரிக் மரை பரவியது.

பிரிட்டனுக்குள்ளேயே சைக்கிள் செய்வோருக்கு விட்வொர்த் மரை ஒத்துவரவில்லை. மெல்லிய குழாய்க்கு அது மிகவும் பருமரை. அதிர்வில் எளிதில் தளரும். ஆகவே அவர்கள் பெரும்பாலான ஆணிகளுக்கு அங்குலத்துக்கு 26 சுற்று, 60 பாகை என்று தனி மரை வகுத்தனர். பின்னர் 55 பாகையிலேயே நுண்மரை ஒன்றும் பொறியாளர்களால் வகுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளோ சைக்கிளுக்கும் பொறிக்கும் பிறந்த பிள்ளை. ஆகவே இரு வழிச் சொத்தும் அதற்கு வந்து சேர்ந்தது. அலுமினிய வார்ப்பில் பருமரை, எஃகில் நுண்மரை, சில இடங்களில் சைக்கிள் மரை என்று மூன்றும் ஒரே வண்டியில் குடியிருந்தன.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தம் பாட்டனார் ஓட்டிய 1960களின் புல்லட் ஒன்றைச் செப்பனிட்டபோது நான் உடனிருந்து பார்த்ததுண்டு. முன் மட்கார்டைத் தாங்கும் கம்பிக்குக் கால் அங்குல ஆணி ஒன்று வேண்டியிருந்தது. பழைய டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்துத் திருகினார், தடையின்றி ஏறிவிட்டது. அவருக்கு மகிழ்ச்சி. பக்கத்திலிருந்த முதிய மெக்கானிக் ஆணியை இரு விரலால் அசைத்துப் பார்த்தார். “தம்பி, ஏறுவது வேறு, பொருந்துவது வேறு, கழற்று” என்றார். மரை அளக்கும் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஆணியிலும் அங்குலத்துக்கு 26 சுற்று, நட்டிலும் 26 சுற்று. பருமனும் ஒன்றே. ஆனால் ஆணி 55 பாகை நுண்மரை. நட்டு 60 பாகைச் சைக்கிள் மரை. இரண்டும் முழுமுகமாகத் தொடாமல் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. புல்லட்டின் அதிர்வில் அது எத்தனை நாள் நிற்கும்? மட்கார்டு சரிந்து ஓடுகிற சக்கரத்தில் சிக்கினால் வண்டி குப்புற விழும். 1841-இல் ஒருவர் கண்ட சராசரிக்கும், சைக்கிள்காரர்கள் பின்னர் வகுத்த கோணத்துக்கும் இடையேயுள்ள ஐந்து பாகை வேறுபாட்டில் ஓர் இளைஞரின் உயிர் தொங்கியது என்றால் மிகையாகாது.

இதே இடர்ப்பாட்டைப் பேரளவில் கண்டது இரண்டாம் உலகப் போர். ஒரே அணியில் நின்று போரிட்ட பிரிட்டனும் அமெரிக்காவும் ஒருவர் நட்டை மற்றவர் ஆணியில் மாட்ட முடியாமல் திண்டாடின. போர் முடிந்த பின், 1948 நவம்பர் 18-இல், பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் வாஷிங்டனில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒருங்கிணைந்த மரைக்குக் கோணம் 60 பாகை. விட்வொர்த்தின் 55 பாகையைப் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. கையெழுத்து ஒரு நாளில் முடிந்தாலும் பட்டறைகள் மாற ஆண்டுகள் பல ஆயின. நம் நாட்டிலோ திருவொற்றியூரில் ஆலை திறந்த அதே 1956-இல் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் நிறைவேறியது. அங்குல வரைபடத்தோடு வந்த வண்டி மெட்ரிக் நாட்டில் வளர்ந்தது. பிற்காலத்துச் சென்னைப் புல்லட்டுகளில் இருவகை மரையும் கலந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இத்தகைய வேலையில் இறங்க விரும்பும் இளைஞருக்கு இரண்டொரு சொல். தொட்டி, மூடி, விளக்குக் கூடு ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம்; பிரேக் கம்பியையும் டயரையும் பழையதாக வாங்காதீர்கள். இரசீது தராத கடையில் இன்ஜின் வாங்காதீர்கள். பதிவுச் சான்றில் சட்ட எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கின்றன. இன்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றாக வேண்டும். எந்த உறுப்பு எந்த ஆண்டு வண்டியிலிருந்து வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கலப்பு உறுப்பைக் கலப்பு என்று எழுதி வைப்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. பழைய உறுப்பை அசல் என்று சொல்லி விற்பவரைத்தான் நான் குறை சொல்வேன்.

அந்த 26 சுற்று ஆணி கடைசியில் எங்கும் கிடைக்கவில்லை. மாணவர் அதைக் கடைசல் பட்டறையில் புதிதாகவே வெட்டுவித்தார். அங்கிருந்த லேத்து மெட்ரிக் கணக்கில் ஓடுவது. அதில் அங்குல மரையைத் துல்லியமாக வெட்டுவதற்கு, 127 பற்கள் கொண்ட தனிப் பற்சக்கரம் ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்து மாட்டினார்கள். ஏன் 127? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். இரு அளவைகளும் பின்னமின்றிச் சந்திக்கும் முதல் இடம் அதுதான். அதைவிடச் சிறிய சக்கரத்தில் அந்தக் கணக்குச் சரியாக வராது.