லாம்ப்டன் அளவையின் இறுதி இலக்கம்

1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள், அந்நாளைய செங்கற்பட்டுச் சீமையிலிருந்த பரங்கிமலையருகே, வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீண்ட அக்கோட்டினின்றும் முக்கோணங்கள் கடற்கரையை ஒட்டித் தெற்கே விரிந்தன. வட அகலாங்கு 12 பாகை 32 கலையில், அஃதாவது மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தின் நேரில், நெடுவரையின் ஒரு பாகை 60,494 ஃபாதம் என்பது அவர் கண்ட முடிபு. ஃபாதம் ஆறடி கொண்டது.

இவ்வைந்து இலக்கங்களும் ஒரே தகுதியுடையனவோ? உறுதியான இலக்கங்களும் ஐயத்திற்கிடமான முதல் இலக்கமுமே பொருளுடையன என்பது அளவை நூலார் கொள்கை. பாடநூல்கள் இவற்றை முக்கிய எண்ணுருக்கள் என வழங்கும்.

நிலத்தில் நேர்ந்த பிழை சிறிதே. எஃகுச் சங்கிலியின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை பிறழக் கொண்டாலும், அடிக்கோட்டில் ஏறத்தாழ மூன்று அங்குலமே பிறழும். விண்ணளவையோ அத்தகையதன்று. அளந்த வில் ஒன்றரைப் பாகைக்குச் சற்றே மிகுதி. அதன் இரு முனைகளின் அகலாங்கும் விண்மீன்களைக் கொண்டே துணியப்பட்டது. அதில் ஒரு விகலை தவறின், பாகைக்குப் பதினொரு ஃபாதம் அளவில் மாறும். நிலத்தடிப் பாறைகளின் ஈர்ப்பால் தூக்குநூல் சில விகலை சாய்தலும் உண்டு. ஆகவே 9 என்பதே ஐயத்திற்குரியது. இறுதி 4 பொருளுடையதன்று.

கல்வெட்டில் சிதைந்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடும் நாம், எண்ணுக்கு அம்மரியாதை செய்வதில்லை. இதனை 110,631.43 மீட்டர் என மாற்றி எழுதின், லாம்ப்டன் அளவாத இலக்கங்கள் புதியனவாய் முளைக்கும்.

இற்றை நிலவுருவக் கணக்குப்படி அப்பாகை ஏறத்தாழ 60,491 ஃபாதம். வேறுபாடு மூன்றே. இந்நெருக்கம் கருவியின் நுண்மையால் வந்ததன்று. பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் வாய்த்தது என்றே கொள்கிறோம்.